சொறி பிடித்த நாயின் ரத்தத்தில் அழற்சியைப் பார்ப்பது: எதை முதலில் செய்வது, எதை எப்படிப் படிப்பது

ரத்தத்தில் சொறிப்பூச்சி தெரியாது. பூச்சி தோலில் இருக்கிறது, அதைத் தோலில்தான் தேட வேண்டும். ரத்தம் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லும்: உடம்புக்குள் அழற்சி எவ்வளவு, தோலைத் தவிர வேறு நோய் சேர்ந்திருக்கிறதா, கொடுக்கும் மருந்து பிடிக்கிறதா. இதை மறந்துவிட்டுச் சோதனைக்கு அனுப்பினால் பணம் போகும், விடை வராது.

கால்நடை மருந்தகங்களிலும் தனியார் மருத்துவமனைகளிலும் புதிதாக வேலை தொடங்கியிருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி. நாய் வளர்ப்பவர்களும் படிக்கலாம். மருத்துவர் ஏன் இன்று ஊசி போடாமல் முதலில் ரத்தம் எடுக்கிறார் என்பது அவர்களுக்கும் புரியும்.

1. ரத்தம் எடுக்கத்தான் வேண்டுமா

நாலைந்து மாதக் குட்டி, கண்ணைச் சுற்றியோ முன்னங்காலிலோ இரண்டு மூன்று இடத்தில் மயிர் உதிர்ந்திருக்கிறது, ஓடி விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்றால் ரத்தம் தேவையில்லை. ஓரிடத்தில் நிற்கும் டெமோடெக்ஸ் (மயிர்க்காலில் வாழும் பூச்சி) சொறி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தம் எடுங்கள்: சொறி உடம்பு முழுக்கப் பரவியிருப்பது, சீழும் நாற்றமும், 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருப்பது, ஈறு வெளுத்திருப்பது, தீனி எடுக்காதது, உடம்பில் உண்ணி, ஒரு மாத மருந்துக்குப் பிறகும் மாற்றமில்லாதது.

நாலு வயதுக்கு மேல் முதன்முறையாக டெமோடெக்ஸ் சொறி வந்த நாய் தனி வகை. அந்தப் பூச்சி பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு ஒட்டிக்கொள்வது. இத்தனை ஆண்டு அடங்கியிருந்தது இப்போது பெருகுகிறது என்றால் உடம்பின் எதிர்ப்பு எங்கோ குறைந்திருக்கிறது. தைராய்டு குறைவு, அட்ரினல் கோளாறு, உண்ணிக் காய்ச்சல் (உண்ணி பரப்பும் ரத்தக் கிருமிகளின் நோய்), நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவற்றில் எது என்று தேட ரத்தம் வேண்டும்.

2. ஊசியை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கேள்விகளையும் பதில்களையும் சோதனைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

"அரிப்புக்கு ஊசி போட்டீங்களா? எப்போ?" இதுதான் முதல் கேள்வி. அரிப்பு நிற்க என்று போடும் ஊசி பல நேரம் ஸ்டீராய்டு. அது வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபிலை ஏற்றும், லிம்ஃபோசைட்டையும் இயோசினோஃபிலையும் இறக்கும், நாயின் ஹாப்டோகுளோபின் என்ற அழற்சிப் புரதத்தை அழற்சி இல்லாமலேயே உயர்த்தும். இது தெரியாமல் படித்தால் ஊசி செய்த மாற்றத்தை நோய் என்று எண்ணிவிடுவோம். சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன், அழற்சியில் ஈரல் விடும் புரதம்) இந்த வகையில் நம்பகமானது, ஸ்டீராய்டால் பெரிதாக ஏறாது.

கடந்த இரண்டு வாரத்தில் கருத்தடை அறுவை நடந்ததா, தடுப்பூசி போட்டதா, வேறு நாய் கடித்ததா? அறுவைக்குப் பிறகு சி.ஆர்.பி. ஓரிரு நாளில் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கும். தடுப்பூசியும் சில நாட்களுக்குச் சற்று ஏற்றும். பெண் நாய் சினையா என்றும் கேளுங்கள். சினைப்பட்ட மூன்றாவது வாரத்துக்குப் பிறகு நோயே இல்லாமல் சி.ஆர்.பி. உயரும். சினையில்லை, கடைசியாகச் சூட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் ஆகிறது என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கக் கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

"மேலே என்ன தடவினீங்க?" என்பதைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள், உண்மை வராது. வேப்பெண்ணெய் என்றால் பரவாயில்லை. வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலைப் பூசியிருந்தாலோ, குறுவைக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றியிருந்தாலோ முதலில் அந்த நஞ்சைக் கவனிக்க வேண்டும். நாய் தன்னை நக்கும், தோல் உறிஞ்சும். எச்சில் வடிதல், நடுக்கம், கண்மணி சுருங்குதல் இருந்தால் அழற்சிச் சோதனையை ஒத்திவையுங்கள்.

மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் (புழுவையும் சொறிப்பூச்சியையும் கொல்லும் மருந்து) ஊசியை யாராவது போட்டார்களா என்பதும் முக்கியம். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள மருந்தில், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் 10 கிலோ நாய்க்கு 0.2 மில்லிலிட்டர்தான் வரும். கையளவில் ஒரு மில்லி போட்டால் அது ஐந்து மடங்கு.

3. எடுத்து வைக்க வேண்டியவை

ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாய் ஒன்று, சிவப்பு மூடி வெறும் குழாய் ஒன்று, 22 எண் ஊசி (சிறு நாய்க்கு 23), 5 மில்லி சிரிஞ்சு, சுத்தமான ஸ்லைடுகள் ஆறு, கவர் ஸ்லிப், முனை மழுங்கிய 10 எண் பிளேடு, லிக்விட் பாராஃபின், வாய்க்கட்டு, முழங்கை வரை கையுறை, ஐஸ் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டி.

கையுறை சார்காப்டஸ் என்ற இன்னொரு சொறிப்பூச்சிக்காக. அது மனிதத் தோலிலும் ஏறி முன்கை, வயிறு, இடுப்பில் சிவப்புத் தடிப்பையும் அரிப்பையும் தரும். மனிதரிடம் அது நிலைத்துப் பெருகாது, நாய் குணமானால் அடங்கிவிடும். ஆனால் ஒரு நாயிடமிருந்து அடுத்த நாய்க்கு உங்கள் கை வழியாகப் போகும். தெரு நாயைப் பிடிப்பவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும்.

4. ரத்தம் முதலில், சுரண்டல் பிறகு, மருந்து கடைசியில்

ஒரே வருகையில் ரத்தமும், பூச்சியைத் தேடத் தோல் சுரண்டலும் எடுக்கும்போது ரத்தத்தை முதலில் எடுங்கள். ஆழமாகச் சுரண்டினால் வலிக்கும், நாய் திமிறும். திமிறிய நாயின் ரத்தத்தில் அட்ரினலின் வேலையால் வெள்ளணுக்கள் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும். பிடித்து இழுத்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்களும் உடையும்.

முன்னங்கால் சிரை (ரத்தக்குழாய்) வசதியானதுதான். ஆனால் சொறி நாய்க்கு அங்கே தோல் தடித்து, செதில் படிந்து, சீழ்க் கொப்புளமும் இருக்கலாம். புண்ணான தோல் வழியாக ஊசியைச் செலுத்தினால் கிருமியையும் உள்ளே தள்ளுகிறோம். நல்ல தோல் உள்ள காலைத் தேடுங்கள். இல்லையென்றால் கழுத்துச் சிரை. மயிரை வெட்டி, ஸ்பிரிட் தடவி, அது காய்ந்த பிறகு குத்துங்கள்.

சிரிஞ்சை மெதுவாக இழுக்க வேண்டும். 3 முதல் 4 மில்லி போதும். குழாயில் விடும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக வழிய விடுங்கள். ஊசி வழியாக அழுத்திப் பீய்ச்சினால் அணுக்கள் உடைந்து சீரம் (ரத்தம் உறைந்ததும் மேலே தெளியும் நீர்) சிவக்கும். அப்படிச் சிவந்த சீரம் பல சோதனைகளைக் கெடுக்கும்.

ஊதா மூடிக் குழாயில் கோடு வரை நிரப்புங்கள். 2 மில்லி குழாயில் அரை மில்லி மட்டும் விட்டால் இ.டி.டி.ஏ. அதிகமாகி அணுக்கள் சுருங்கும், சோகை இல்லாத நாய்க்குச் சோகை போலக் காட்டும். நிரப்பியதும் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். ஒரு கிலோகூட இல்லாத குட்டிக்கு அரை மில்லி பிடிக்கும் சிறு குழாய் வைத்துக்கொண்டு, ரத்தத் தடவலும் சிவப்பணு அளவும் மட்டும் பாருங்கள்.

5. தடவல் ஸ்லைடை அங்கேயே போடுங்கள்

இயந்திரத்தின் அச்சிட்ட தாளைவிட ஒரு நல்ல ஸ்லைடு பெரிது. ஊர்களில் மனிதருக்கான ஆய்வகத்தில்தான் நாய் ரத்தத்தை ஓட்டுகிறார்கள். நாயின் சிவப்பணு மனிதருடையதைவிடச் சிறியது. மனித அளவுக்கு அமைத்த இயந்திரம் எண்ணிக்கையில் தடுமாறும், கட்டியாகச் சேர்ந்த தட்டணுக்களைத் தவறவிடும், கருவுள்ள இளஞ்சிவப்பணுக்களை வெள்ளணுவாக எண்ணும். ஸ்லைடைப் பார்த்தால் இவை மூன்றும் பிடிபடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்யும்போது ஸ்லைடு காய நேரமாகும். ஈரத்தில் மெல்லக் காய்ந்த ஸ்லைடில் சிவப்பணுவுக்குள் பளபளக்கும் புள்ளிகள் தோன்றும். அதைச் சிவப்பணுவுக்குள் வாழும் பாபேசியா என்ற ஒட்டுண்ணியாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மின்விசிறியின் கீழ் வேகமாக அசைத்துக் காயவைத்து உடனே மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள். ஃபார்மலின் புட்டி இருக்கும் பெட்டியில் ஸ்லைடை வைக்கக் கூடாது, அதன் ஆவியால் சாயம் பிடிக்காது. ஐஸ் பெட்டியிலும் வேண்டாம், நீர்த்துளி படிந்து அணுக்கள் உடையும்.

கொசு மிகுந்த டெல்டாவில் ஸ்லைடில் இன்னொன்றையும் தேட வேண்டும்: மைக்ரோஃபைலேரியா, அதாவது ரத்தத்தில் ஓடும் இதயப்புழுவின் குஞ்சு. இதயப்புழு உள்ள நாய்க்குத் தெரியாமல் ஐவர்மெக்டின் போட்டால், புழுக்குஞ்சுகள் ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். மருந்துக்கு முன் ஸ்லைடு என்று வலியுறுத்துவது இதற்காகவும்தான்.

6. தோல் சுரண்டல்

டெமோடெக்ஸ் மயிர்க்காலுக்குள் இருக்கிறது. தோலை இரு விரலால் பிதுக்கி, பாராஃபின் தடவிய பிளேடால் மயிர் போகும் திசையில், பொடி ரத்தம் கசியும் வரை சுரண்ட வேண்டும். நாலைந்து இடம் போதும். பாதத்தில் வலி அதிகம், அங்கே கொஞ்சம் மயிரை வேரோடு பிடுங்கிப் பாராஃபினில் வைத்துப் பாருங்கள்.

சார்காப்டஸ் மேல்தோலில் சுரங்கம் தோண்டுவது. காது மடல் ஓரம், முழங்கை, பின்னங்கால் குதி ஆகிய இடங்களில் அகலமாக, ஆழமில்லாமல், பத்து இடத்திலாவது சுரண்டுங்கள். அப்படியும் பூச்சி கிடைக்காமல் போவதுதான் வழக்கம். கிடைக்காததால் இல்லை என்று எழுதாதீர்கள். காது மடலின் ஓரத்தை அதன்மீதே தேய்த்ததும் பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால், வீட்டு ஆட்களுக்கும் அரிப்பு இருந்தால், சார்காப்டஸ் என்றே எடுத்துக்கொண்டு மருந்து தொடங்கலாம்.

நுண்ணோக்கியில் கண்டென்சரைத் தாழ்த்தி, வெளிச்சத்தைக் குறைத்து, 4 மடங்கிலும் 10 மடங்கிலும் ஸ்லைடு முழுவதையும் பாருங்கள்.

7. அனுப்புவது

சிவப்பு மூடிக் குழாயை அரை மணி நேரம் அசையாமல் நிற்க வையுங்கள். உறைந்ததும் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்த சீரத்தை வேறு குழாய்க்கு மாற்றுங்கள். சுழற்றும் கருவி இல்லையென்றால் குழாயைச் சாய்த்து வைத்து, சீரம் பிரிந்ததும் சிரிஞ்சால் மேலாக உறிஞ்சலாம். உறைகட்டியோடு அனுப்பக் கூடாது. சித்திரை வெயிலில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனாலே சீரம் சிவந்துவிடும்.

ஊதா மூடி ரத்தம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஐஸில் நேராகப் படாமல் துணியோ பஞ்சோ சுற்றுங்கள், ரத்தம் உறைந்து கட்டியானால் அத்தனை அணுவும் உடையும்.

எங்கே அனுப்புவது? சி.ஆர்.பி.க்கு நாய்க்கென்றே அமைந்த சோதனைக் கிட் வேண்டும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ தெருவுக்கு ஒரு மனித ஆய்வகம் இருக்கிறது, உடனே செய்து தருவார்கள். ஆனால் மனித சி.ஆர்.பி.யைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் நாயினுடையதைப் பிடிக்கும் என்ற உறுதி இல்லை. ஸ்லைடில் லேட்டெக்ஸ் துளி கலந்து பார்க்கும் முறையில் "நெகட்டிவ்" என்று வந்தால், அது நாய்க்கு அழற்சி இல்லை என்று பொருளாகாது. இந்தப் பிழை சீழ் வடியும் நாயையும் நலமான நாயாகக் காட்டிவிடும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ, கால்நடை ஆய்வகம் வேறெதிலோ, நாய் சி.ஆர்.பி. செய்கிறார்களா என்று போனில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கிடைக்கவில்லை என்றால், அழற்சியில் ஏறும் இன்னொரு புரதமான ஃபைப்ரினோஜென் கைவசம் உள்ள வழி. ஊதா மூடி ரத்தத்தை இரண்டு நுண்குழாய்களில் சுழற்றுங்கள். ஒன்றின் பிளாஸ்மா புரதத்தை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். மற்றதை 56 முதல் 58 டிகிரி வெந்நீரில் 3 நிமிடம் வைத்து, மறுபடி சுழற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபைப்ரினோஜென். நாய்க்கு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் இயல்பு. கருவியின் ஒரு கோடே 100 மில்லிகிராம் ஆவதால் இது தோராயம். 700, 800 என்று வந்தால் நம்பலாம். 400க்கும் 500க்கும் இடையே வாதாட வேண்டாம்.

8. வெள்ளணுக் கணக்கைப் படிப்பது

சதவீதத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையாக மாற்றுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: மொத்த வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 24,000. முதிர்ந்த நியூட்ரோஃபில் 76, பட்டை வடிவ இளநியூட்ரோஃபில் 6, லிம்ஃபோசைட் 8, மோனோசைட் 4, இயோசினோஃபில் 6 சதவீதம்.

கணக்கிட்டால் நியூட்ரோஃபில் இரண்டும் சேர்ந்து 19,680, இளையது மட்டும் 1,440, லிம்ஃபோசைட் 1,920, இயோசினோஃபில் 1,440. நாய்க்கு மொத்த வெள்ளணு 6,000 முதல் 17,000 வரை, இளநியூட்ரோஃபில் 300க்குள், இயோசினோஃபில் சுமார் 1,250க்குள் இருக்க வேண்டும். இந்த நாய்க்கு இளநியூட்ரோஃபில் ஏறியிருப்பதுதான் கவனிக்க வேண்டியது. எலும்பு மஜ்ஜை முதிரக் காத்திராமல் அணுக்களை வெளியே தள்ளுகிறது, எங்கோ சீழ் இருக்கிறது. ஸ்டீராய்டால் மட்டும் ஏறிய நியூட்ரோஃபிலில் இளையவை இவ்வளவு வராது, இயோசினோஃபிலும் இறங்கியிருக்கும்.

நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்தால் இங்கே 10.25. இந்த விகிதம் செலவில்லாத ஓர் அழற்சி அளவுகோல்தான். ஆனால் ஸ்டீராய்டும் பயமும் அதை ஏற்றும் என்பதால் தனியாக நிறுத்தித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதே நாயின் அடுத்த கணக்கோடு ஒப்பிடும்போதுதான் அதற்கு மதிப்பு.

இயோசினோஃபில் ஏறியிருந்தால் சார்காப்டஸ் என்று முடிவு கட்டுவது இன்னொரு பழகிப்போன தவறு. கொக்கிப்புழு, தெள்ளு, இதயப்புழு எல்லாம் அதை ஏற்றும். ஈரமண்ணில் புரளும் நம்மூர் நாய்க்குக் கொக்கிப்புழு சாதாரணம். மலத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இயோசினோஃபில் இயல்பாக இருந்தாலும் சார்காப்டஸ் இல்லை என்று ஆகாது.

தட்டணுக்களை எண்ணெய் லென்சில் எண்ணுங்கள். ஒரு புலத்தில் சராசரியாகப் பத்துக்கு மேல் இருந்தால் போதுமானது. இரண்டு மூன்றுதான், ஸ்லைடின் ஓரத்திலும் கட்டிகள் இல்லை என்றால் உண்ணி பரப்பும் எர்லிக்கியாக் கிருமியைத் தேட வேண்டிய நேரம்.

9. சி.ஆர்.பி.யும் மற்றப் புரதங்களும்

முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. இதை மாற்றிப் படித்துப் பத்து மடங்கு பயந்தவர்கள் உண்டு.

நாய்க்கு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ் பொதுவாக இயல்பு, எல்லை ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். 10க்கும் 30க்கும் நடுவே லேசான அழற்சி. 30ஐத் தாண்டினால் உடம்பு தழுவிய அழற்சி என்று கொள்ளலாம். 100ஐத் தாண்டிய நாயிடம் சொறி மட்டும் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

சி.ஆர்.பி. தூண்டல் வந்த சில மணி நேரத்தில் ஏறும், ஓரிரு நாளில் உச்சி தொடும், காரணம் போனதும் சட்டென இறங்கும். சொறி நாயில் அது எவ்வளவு ஏறுகிறது என்பது பூச்சியைவிட, மயிர்க்கால் வெடித்து உள்ளே பரவிய பாக்டீரியாச் சீழைப் பொறுத்தது. உடம்பெல்லாம் டெமோடெக்ஸ் பரவிய நாய்க்கு உயர்வதும், அரிப்பு மட்டுமே உள்ள புதிய சார்காப்டஸ் நாய்க்கு இயல்பாகவே இருப்பதும் இதனால்தான்.

ஹாப்டோகுளோபின் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதற்கு இரண்டு கண்ணிகள் உண்டு. ஸ்டீராய்டு அதை ஏற்றும் என்று மேலே சொன்னோம். பாபேசியா சிவப்பணுக்களை உடைக்கும்போது, வெளியே வந்த ஹீமோகுளோபினோடு சேர்ந்து அது தீர்ந்துபோகும். சி.ஆர்.பி. எகிறியும் ஹாப்டோகுளோபின் தாழ்ந்தும் ஈறு வெளுத்தும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலைத் தேடுங்கள்.

ஆல்புமின் அழற்சியில் இறங்கும் புரதம். டெசிலிட்டருக்கு 2.6 கிராமுக்குக் கீழ் போனால் அழற்சியோடு பட்டினி, கொக்கிப்புழு, சிறுநீரகம், ஈரல், பச்சைப் புண்ணாகத் தோல் வழியே கசிவு எல்லாவற்றையும் நினைக்க வேண்டும். குளோபுலின் உயர்ந்து ஆல்புமினைத் தாண்டியிருந்தால் நோய் பழையது. நாள்பட்ட சீழ்த்தோலும் நாள்பட்ட எர்லிக்கியாவும் இப்படிக் காட்டும்.

10. மறுபடி எப்போது எடுப்பது

மருந்து தொடங்கிய நாளை 0 என்று வையுங்கள். 14ஆம் நாள் சி.ஆர்.பி.யும் வெள்ளணுவும். 28 முதல் 30ஆம் நாள் அவற்றோடு ஆல்புமின், குளோபுலின், தோல் சுரண்டல். எப்போதும் அதே ஆய்வகம், அதே முறை. இரண்டு இயந்திரங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

இயல்புக்குத் திரும்பும் வரிசை: முதலில் சி.ஆர்.பி., பிறகு நியூட்ரோஃபில், அதற்குப் பின் ஹாப்டோகுளோபின், கடைசியில் ஆல்புமினும் குளோபுலினும். இரண்டாம் வாரத்தில் ஆல்புமின் ஏறவில்லை என்று மருந்தை மாற்றுவது அவசரம்.

14ஆம் நாள் சி.ஆர்.பி. இறங்கவே இல்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போனதா? சாதத்தில் வைத்ததை நாய் ஒதுக்கிவிட்டிருக்கலாம். தோலில் சீழ் இன்னும் இருக்கிறதா, கொடுத்த ஆன்டிபயாடிக்குக்கு அந்தக் கிருமி கட்டுப்படுகிறதா? சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். ஸ்லைடில் உண்ணிக் காய்ச்சலைத் தவறவிட்டோமா? பெண் நாயென்றால் கருப்பை?

சி.ஆர்.பி. இயல்புக்கு வந்ததும் மருந்தை நிறுத்துவதுதான் நாய்க்கு நேரும் பெரிய கெடுதல். சீழ் ஆறியதை அது சொல்கிறது, மயிர்க்காலில் இருக்கும் டெமோடெக்ஸைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மாதம் ஒருமுறை சுரண்டி, அடுத்தடுத்த இரண்டு முறை ஒரு பூச்சியோ முட்டையோகூட இல்லை என்ற பிறகே நிறுத்த வேண்டும். ஸ்லைடில் செத்த பூச்சி கிடந்தாலும் இன்னும் முடியவில்லை என்றே எழுதுங்கள்.

சார்காப்டஸில் கதை வேறு. மருந்து பிடித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், அது செத்த பூச்சி மேல் உடம்பு காட்டும் ஒவ்வாமை. அரிப்பைப் பார்த்துப் பயந்து அந்த வாரத்தில் ஸ்டீராய்டு போட்டால் 28ஆம் நாள் கணக்கு கெட்டுப்போகும். அந்த வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில் மருந்து கொடுங்கள், படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசுங்கள், கொட்டகையில் அது படுத்த வைக்கோலை அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்புங்கள். இதைச் செய்யாத வீட்டு நாய்க்கு இரண்டாவது மாதம் மறுபடி சொறி வரும். அப்போது 0ஆம் நாள் சீட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய ரத்தத்தைப் படியுங்கள்.